அனிமட்வெர்ஷன்: ஓர் ஆங்கிலக் கண்டனச் சொல்லின் பிறப்பும் பொருள்மாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

கடுமையான கண்டனத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொற்களுள் ‘அனிமட்வெர்ஷன்’ என்பதும் ஒன்று. இன்றைய அகராதிகள் இதற்குக் ‘கண்டனம்’, ‘குறைகூறல்’ எனப் பொருள் தருகின்றன. ஆனால், இதன் இலத்தீன மூலத்திற்கு ‘மனத்தைத் திருப்புதல்’, அதாவது ‘கவனித்தல்’ என்பதே முதற்பொருள். கவனித்தலைக் குறித்த சொல் ஒருபுறம் தண்டித்தலையும் மறுபுறம் உரைக்குறிப்பையும் குறித்து, பின்னர் ஆங்கிலத்தில் கண்டனம் என்ற பொருளில் நிலைபெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இச்சொல்லின் செயப்படுபொருளாக நிற்பது நூலா, ஆளா என்பதே பொருள்மாற்றத்தை உந்திய காரணங்களுள் முதன்மையானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பு, பொருள்மாற்றம், இழிபொருட்பேறு, கண்டனம், உரைக்குறிப்பு, மொழிபெயர்ப்பு

முன்னுரை

1600ஆம் ஆண்டில் இசாக் கசோபன் என்னும் செவ்வியல் அறிஞர் இலத்தீன மொழியில் ஒரு பெருநூலை வெளியிட்டார். கிரேக்க எழுத்தாளர் அத்தீனியஸ் இயற்றிய விருந்துரை நூலுக்கு அவர் எழுதிய குறிப்புகளின் தொகுதி அது. அந்நூலின் தலைப்பில் ‘அனிமட்வெர்சியோனெஸ்’ என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. இதிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லே ‘அனிமட்வெர்ஷன்’. இன்றைய ஆங்கில அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தலைப்பை மொழிபெயர்ப்பவர் ‘அத்தீனியஸ்மீது கண்டனங்கள்’ என்றே எழுத நேரும். கசோபனோ அத்தீனியசைக் கண்டிக்கவில்லை. சிதைந்த பாடங்களைச் செப்பம் செய்தார், அருஞ்சொற்களை விளக்கினார், மேற்கோள்களின் மூலத்தைத் தேடிக் காட்டினார். தமிழ் மரபில் உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் செய்யும் பணியை ஒத்தது அது.

ஒரு தலைப்பை இவ்வாறு பிறழ உணர்வது சிறு பிழையாகத் தோன்றலாம். ஆனால், பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இச்சொல்லைத் தலைப்பிலே தாங்கிய நூல்கள் பல. அவற்றுள் சில பாடத்திருத்தங்கள், சில வசைநூல்கள், சில அறிவியல் விவாதங்கள். அனைத்தையும் ‘கண்டனம்’ என்ற ஒற்றைச் சொல்லால் பெயர்த்தால் அந்நூல்களின் தன்மை மறைந்துவிடும். ஆகவே, இச்சொல் எங்கே பிறந்தது, எவ்வழியே கண்டனத்தை வந்தடைந்தது, வரும் வழியில் எதனை இழந்தது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

சொற்பிறப்பு

இச்சொல்லின் மூலம் ‘அனிமும் அட்வெர்ட்டெரெ’ என்னும் இலத்தீனத் தொடர். ‘அனிமுஸ்’ என்பது மனம், ‘அட்’ என்பது ஒன்றை நோக்கி, ‘வெர்ட்டெரெ’ என்பது திருப்புதல். மூன்றும் சேர்ந்து ‘மனத்தை ஒன்றன்பால் திருப்புதல்’ என்னும் பொருளைத் தரும். தொடக்கத்தில் இது இரு சொற்களாலான தொடராகவே வழங்கியது. பிளாட்டஸ் எழுதிய ‘ஆம்பிட்ரியோன்’ நாடகத்தின் முன்னுரையில், தான் சொல்லப்போவதன்பால் மனத்தைத் திருப்புமாறு மெர்க்குரி என்னும் கடவுள் அவையோரை வேண்டுகிறார். அங்கே மனத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் திருப்புதலைக் குறிக்கும் வினைக்கும் இடையே வேறு சொற்கள் வந்து நிற்கின்றன. தொடர் இன்னும் ஒரு சொல்லாக இறுகவில்லை என்பதற்கு அது சான்று. பின்னர் இரண்டும் ஒட்டி ‘அனிமட்வெர்ட்டெரெ’ என ஒரே வினையாயின. சீசரின் போர்க்குறிப்புகளில் படைத்தலைவன் பகைவரின் அசைவைக் ‘கண்டான்’, ‘கவனித்தான்’ என்னும் இடங்களில் இவ்வினை மிகுதியாக வருகிறது. அங்கே கண்டனத்தின் சாயல் சிறிதும் இல்லை.

இச்சொல்லின் உறுப்புகள் இரண்டும் தமிழறிஞர்க்கு முற்றிலும் அயலானவையல்ல. ‘அனிமுஸ்’ மூச்சைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது. காற்றைக் குறிக்கும் ‘அநிலம்’, உயிர்மூச்சைக் குறிக்கும் ‘பிராணன்’ ஆகிய வடசொற்களும் அவ்வேரைச் சார்ந்தவை. ‘வெர்ட்டெரெ’ என்னும் வினைக்கு இனமான வடமொழி வேர் ‘விருத்’. தமிழ் யாப்பில் வழங்கும் ‘விருத்தம்’ என்னும் பெயர் இவ்வேரினின்றும் பிறந்த வடசொல்லே. செய்யுள் வரியைக் குறிக்கும் ‘வெர்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘வெர்ட்டெரெ’ வழியே வந்ததாகும்.

ஆங்கிலத்திற்குள்ளும் இச்சொல்லுக்கு உறவுகள் உண்டு. விளம்பரத்தைக் குறிக்கும் ‘அட்வர்டைஸ்மென்ட்’ என்பதும் ‘அட்வெர்ட்டெரெ’ வழியே வந்தது. முற்காலத்தில் அது அறிவிப்பு, எச்சரிக்கை ஆகியவற்றையே குறித்தது. எதிரானது என்று பொருள்படும் ‘அட்வெர்ஸ்’ என்பதும் அதே குடும்பம். பகைமையைக் குறிக்கும் ‘அனிமாசிட்டி’ என்பது ‘அனிமுஸ்’ வழி வந்து, முதலில் துணிவையும் ஊக்கத்தையும் குறித்த சொல். இவ்விரண்டின் ஒலியும் ‘அனிமட்வெர்ஷன்’ என்பதற்குள் கேட்பதால் பகைமையும் எதிர்ப்புமே அதன் பிறவிப்பொருள் என எண்ணத் தோன்றுகிறது. அவ்வாறு எண்ணுவது போலிச் சொற்பிறப்பாகும். இச்சொல்லில் உள்ள மனம் பகைகொண்ட மனம் அன்று. ஒன்றன்பால் திரும்பிய மனம் மட்டுமே.

உரோமச் சட்ட வழக்கு: கவனித்தல் தண்டித்தலாதல்

அங்ஙனமாயின் கடுமை எங்கிருந்து வந்தது? விடை உரோமரின் ஆட்சி வழக்கில் உள்ளது. இலத்தீனத்தில் ஒரு பொருளைக் ‘கவனித்தல்’ என்னும்போது அப்பொருள் நேரே செயப்படுபொருளாக வரும். ஆளுக்கு முன் ‘இன்’ என்னும் முன்னிடைச்சொல் வந்து, ‘ஒருவர்மேல் மனத்தைத் திருப்புதல்’ என்று தொடர் அமையும்போது பொருள் ‘தண்டித்தல்’ என மாறிவிடும். அதிகாரம் உடையவர் ஒருவர்மேல் மனத்தைத் திருப்பினார் எனில் அதன் விளைவு தண்டனையே என்பது அவ்வழக்கின் உட்கிடை.

இதற்கு உறுதியான சான்றுகள் உள்ளன. சிசெரோ ‘கடமைகள்’ பற்றி எழுதிய நூலில், குடிமக்களின் ஒழுக்கத்தைக் கண்காணித்த ‘சென்சார்’ என்னும் அலுவலர்கள் வழங்கிய தண்டனைகளை இச்சொல்லால் சுட்டுகிறார். சட்ட அறிஞர் உல்பியனின் கருத்தொன்று ஜஸ்டினியன் தொகுப்பித்த ‘டைஜெஸ்ட்’ என்னும் சட்டத் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. குற்றவாளிகளைத் தண்டிப்பதற்காக ஆள்வோர்க்கு உள்ள வாளதிகாரத்தை அங்கே அவர் விளக்குகிறார். தண்டித்தலுக்கு அவர் ஆளும் வினை ‘அனிமட்வெர்ட்டெரெ’ என்பதே. மனத்தைத் திருப்புதலும் வாளை ஓங்குதலும் ஒரே வினையால் சொல்லப்படும் நிலை இது.

இப்பொருள்மாற்றம் தமிழர்க்கு விளங்காத ஒன்றன்று. ‘கவனி’ என்னும் வினை இன்றைய பேச்சுவழக்கில் பெறும் பொருளை இதனோடு ஒப்பிடலாம். ‘நன்றாகக் கவனித்து அனுப்பினார்கள்’ என்று ஒருவர் சொல்லும்போது விருந்தோம்பலும் குறிக்கப்படலாம். அடி உதையும் குறிக்கப்படலாம். ‘அவனை நான் கவனித்துக்கொள்கிறேன்’ என்பது பொறுப்பேற்பாகவும் இருக்கலாம், மிரட்டலாகவும் இருக்கலாம். சொல்பவர் யார், எவரைப் பற்றிச் சொல்கிறார், அவருக்கு உள்ள அதிகாரம் யாது என்பவையே பொருளை வரையறுக்கின்றன. நன்னூலார் தகுதி வழக்கில் வைத்த மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றின் இயல்பு இவ்வழக்கில் கலந்திருப்பதைக் காணலாம். கடுஞ்செயலை மென்சொல்லால் மூடுவதும், மூடியதைக் கேட்போர் புரிந்துகொள்வதும் அதிகாரம் வழங்கும் இடங்களில் இயல்பாக நிகழ்வனவாகும். இரண்டு மொழிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று பெறாமலே ஒரே தடத்தில் சென்றுள்ளன என்பது பொருண்மையியல் நோக்கில் கருதத்தக்கது.

திருச்சபைச் சட்ட வழக்கு

உரோமப் பேரரசு மறைந்த பின்னும் அதன் சட்ட மொழி திருச்சபையில் வாழ்ந்தது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கத்தின் மூன்றாம் விதி, சமயக்கொள்கைக்கு மாறானவர் எனத் தீர்க்கப்பட்டோரை உலகியல் ஆட்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அவர்கள் உரிய ‘அனிமட்வெர்சியோ’வால் தண்டிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. திருச்சபை தன் கையால் குருதி சிந்தலாகாது என்பது கோட்பாடு. ஆகவே தண்டனை இன்னதென்று வெளிப்படக் கூறாமல், ‘உரிய கவனிப்பு’ என்னும் தொனியுடைய ஒரு சொல்லால் அது குறிக்கப்பட்டது. நாளடைவில் அத்தொடரின் நடைமுறைப் பொருள் பல இடங்களில் தீயிலிட்டுக் கொல்லுதல் என்றாயிற்று.

இச்சட்டப்பொருள் இங்கிலாந்து வரை வந்தது. ஜான் அய்லிஃப் 1726இல் வெளியிட்ட திருச்சபைச் சட்ட நூலில் ‘சென்ஷர்’ என்பதற்கும் ‘அனிமட்வெர்ஷன்’ என்பதற்கும் வேறுபாடு காட்டுகிறார். முன்னது ஆன்மிகத் தண்டனையைச் சார்ந்தது. பின்னது பதவி நீக்கம், உலகியல் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தல் போன்ற உலகியல் தண்டனையைச் சார்ந்தது என்பது அவர் தரும் விளக்கம். இலாத்தரன் விதியின் எதிரொலி ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இவ்விளக்கத்தில் கேட்கிறது.

உரைநூல் வழக்கு

சட்டத்தில் வாளாக நின்ற அதே சொல், மறுமலர்ச்சிக் கால அறிஞரின் கையில் எழுதுகோலாயிற்று. பண்டை நூல்களைப் பதிப்பித்தோர் தாம் ‘கவனித்தவற்றை’ எழுதிவைத்த குறிப்புகளுக்கு ‘அனிமட்வெர்சியோனெஸ்’ என்று பெயரிட்டனர். முன்னுரையில் சுட்டிய கசோபனின் நூல் இவ்வகையது. யூசீபியசின் காலக்கணிப்பு நூலுக்கு ஜோசப் ஸ்கேலிஜர் எழுதி 1606இல் வெளியிட்ட குறிப்புகளும் இப்பெயரே பெற்றன.

இங்கே இலக்கண நுட்பம் ஒன்றைச் சுட்ட வேண்டும். கசோபனின் தலைப்பிலும் ‘இன்’ என்னும் முன்னிடைச்சொல்லே வருகிறது. ‘ஒருவர்மேல்’ என்று ஆளோடு வரும்போது தண்டனையைக் குறித்த அதே இடைச்சொல், ‘ஒரு நூலின்மேல்’ என்று வரும்போது உரைக்குறிப்பைக் குறிக்கிறது. இலக்கண அமைப்பு ஒன்றே, செயப்படுபொருள்தான் வேறு. அத்தீனியஸ் மறைந்து பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அவர் பெயர் தலைப்பில் நின்றாலும் அங்கே அது நூலையே குறித்தது. எனவே ‘மேல்’ என்பதில் பகைமை ஏறவில்லை. நூலாசிரியர் உயிரோடு இருந்தால் என்னாகும்? நூலின்மேல் திரும்பிய மனம் நூலோடு நின்றுவிடுமா, நூலை எழுதியவர்மேலும் பாயுமா? ஆங்கிலத்தில் இச்சொல்லின் வரலாறு இவ்வினாவைச் சுற்றியே சுழல்கிறது. ஆங்கிலத்தில் ‘இன்’ என்பதன் இடத்தை ‘அப்பான்’ என்னும் இடைச்சொல் ஏற்றது. ‘பற்றி’, ‘மேல்’, ‘எதிராக’ என்னும் சாயல்களுக்கு அதுவும் இடந்தந்தது.

ஆங்கில வழக்கு: மூன்று நூல்கள்

அ) தைன், 1599. ஆங்கிலக் கவிஞர் சாசரின் படைப்புகளைத் தாமஸ் ஸ்பெக்ட் 1598இல் பதிப்பித்தார். மறு ஆண்டே பிரான்சிஸ் தைன் அப்பதிப்பின் விளக்கக் குறிப்புகளையும் திருத்தங்களையும் ஆராய்ந்து ஒரு நீண்ட மடல் வரைந்தார். அதற்கு அவர் இட்ட தலைப்பின் முதற்சொல் ‘அனிமட்வெர்ஷன்ஸ்’. தைனுக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் இருந்தது. 1532இல் சாசரின் படைப்புகளைப் பதிப்பித்த வில்லியம் தைன் அவருடைய தந்தை. தந்தையின் பெயருக்கு இழுக்கு வராமல் காப்பதும் மகனின் நோக்கங்களுள் ஒன்று. மடலில் மனக்குறையின் தொனி இல்லாமலில்லை. எனினும், அதன் பெரும்பகுதி சாசரின் குடிவரலாறு, அருஞ்சொற்பொருள், பாடவேறுபாடு ஆகியவற்றைப் பற்றிய நுணுக்கமான திருத்தங்களே. இம்மடலின் பயன் பிற்பாடு தெரிந்தது. ஸ்பெக்ட் 1602இல் தம் பதிப்பைத் திருத்தி வெளியிட்டபோது தைனின் உதவியை நன்றியோடு குறிப்பிட்டார். கண்டிக்கப்பட்டவர் கண்டித்தவருக்கு நன்றி சொன்னார் என்பதை விட, கவனிக்கப்பட்டவர் அக்கவனிப்பை ஏற்றுக்கொண்டார் என்பதே பொருந்தும்.

ஆ) மில்டன், 1641. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே சொல் வேறொரு முகம் காட்டியது. ஆயர்களின் ஆட்சி திருச்சபைக்குத் தேவையா என்னும் விவாதம் இங்கிலாந்தில் முற்றியிருந்த காலம் அது. ஆயர் ஜோசப் ஹால் ஆயராட்சியைக் காத்து எழுதினார். ஐந்து சமய ஊழியர்கள் தம் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ‘ஸ்மெக்டிம்னூஸ்’ என்ற புனைபெயரில் மறுத்தனர். அவர்களுள் ஒருவரான தாமஸ் யங், மில்டனின் இளமைக்கால ஆசிரியர். ஹால் மீண்டும் எழுத, மில்டன் தம் பெயரிடாமல் ‘அனிமட்வெர்ஷன்ஸ்’ என்ற தலைப்பில் விடையிறுத்தார்.

அந்நூலின் அமைப்பு உரைநூலின் அமைப்பே. எதிரியின் கூற்றை ஒரு துண்டாக எடுத்து வைத்து, அதன்கீழ் விடையைத் தருவது அது. கசோபன் மூலத்தின் ஒரு தொடரைக் காட்டிக் குறிப்பு எழுதியதைப் போன்றதே இம்முறை. ஆனால் விடைகளின் தன்மை வேறு. ஓரிடத்தில் விடையாக இருப்பது சிரிப்பொலி மட்டுமே. ஹால் இளமையில் எழுதிய அங்கதப் பாக்களையும் இழுத்து வந்து மில்டன் எள்ளுகிறார். கடுமையான நகைப்பும் உண்மையைக் கற்பிக்கும் கருவியாகலாம் என்று முன்னுரையில் அவர் தம் போக்குக்கு நியாயமும் கூறுகிறார். வடிவத்தில் உரைக்குறிப்பு, உள்ளடக்கத்தில் வசை என்னும் இரட்டை நிலையை இந்நூலில் காண்கிறோம். விளைவும் அதற்கேற்பவே அமைந்தது. 1642இல் வெளிவந்த மறுப்புநூல் ஒன்று மில்டனின் கல்லூரி வாழ்வையும் ஒழுக்கத்தையும் பழித்தது. மில்டன் அதே ஆண்டில் மற்றொரு நூலால் தம்மைக் காத்துக்கொள்ள நேர்ந்தது. விவாதம் நூலை விட்டு ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இவ்வழக்கு பெருகியது. தாமஸ் ஹாப்ஸ் 1656இல் ஆயர் பிராம்ஹாலோடு நிகழ்த்திய விவாதத்தை நூலாக்கியபோது, ஆயரின் பகுதிகளை அச்சிட்டு அவற்றின்கீழ்த் தம் ‘அனிமட்வெர்ஷன்’களைச் சேர்த்தார். பிராம்ஹால் எழுதிய மறுமொழியின் தலைப்பு, ஹாப்சின் ‘அனிமட்வெர்ஷன்’களுக்குத் தாம் தரும் ‘காஸ்டிகேஷன்’கள் என்பது. இச்சொல்லும் இலத்தீனத்தில் தூய்மையாக்கல், திருத்தல், தண்டித்தல் என்னும் பொருள்களைக் கொண்டது. மறுமலர்ச்சிக் காலத்தில் பாடத்திருத்தத்திற்கும் பெயராக வழங்கியது. ஆகவே, பதிப்பாசிரியரின் மேசையிலிருந்த இரு சொற்களும் இவ்விவாதத்தில் எதிரெதிர்ப் படைக்கலங்களாயின என்று கொள்ளலாம்.

இ) ஹூக், 1674. மூன்றாவது நூல் அறிவியல் துறையைச் சார்ந்தது. டான்சிக் நகர வானியல் அறிஞர் ஹெவேலியஸ் 1673இல் தம் கருவிகளை விளக்கி ஒரு நூலை வெளியிட்டார். விண்மீன்களின் இடத்தை அளக்கும் கருவிகளில் தொலைநோக்கி பொருத்திய குறிகளைவிட வெறுங்கண்ணால் பார்க்கும் குறிகளையே அவர் நம்பினார். இராபர்ட் ஹூக் மறு ஆண்டு அந்நூலின்மேல் ‘அனிமட்வெர்ஷன்ஸ்’ எழுதினார். மனிதக் கண்ணால் பிரித்தறியக்கூடிய கோணத்திற்கு ஓர் எல்லை உண்டு. கருவியை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் அவ்வெல்லையை வெறுங்கண் கடக்காது என்பது அவர் வாதம். வாதம் வலுவானது. தொனியோ முதிய அறிஞரைப் புண்படுத்தியது.

1679இல் எட்மண்ட் ஹாலி டான்சிக் சென்று, தொலைநோக்கி பொருத்திய தம் கருவியோடு ஹெவேலியசின் அளவீடுகளை ஒப்பிட்டார். அவை ஹெவேலியஸ் கூறிய அளவு துல்லியமானவையே எனச் சான்றளித்தார். பின்னாளில் வானியல் ஹூக் காட்டிய வழியிலேயே சென்றது; தொலைநோக்கிக் குறிகளே நிலைத்தன. ஆகவே, கருவி பற்றிய பொதுக்கருத்தில் ஹூக் சரி. அவரால் ஐயுறப்பட்ட அளவீடுகளின் தரத்தில் ஹெவேலியஸ் சரி. ஹூக்கின் நூலில் கண்ணின் எல்லையைப் பற்றிய பகுதி கவனித்தலின் பயன். நேரில் சென்று பாராமலே ஒருவரின் உழைப்பைக் குறைத்து மதித்த பகுதி, கவனிப்பு நின்றுபோன இடத்தில் எஞ்சிய கடுமை.

மூன்று நூல்களையும் ஒருங்கு வைத்து நோக்கினால், ஒரே தலைப்புச்சொல்லின்கீழ்க் கவனித்தலும் கண்டித்தலும் வெவ்வேறு அளவில் கலந்திருப்பது புலனாகும். தைனிடம் முன்னது மிகுதி. மில்டனிடம் பின்னது மிகுதி. ஹூக்கிடம் இரண்டும் ஒரே நூலில் அருகருகே நிற்கின்றன. மூவரின் இலக்கும் உயிரோடிருந்தவர்களின் நூல்கள் என்பது குறிப்பிடத்தக்கது. இலத்தீன உரைநூல் வழக்கில் பெரிதும் மறைந்தோரின் நூல்களுக்கு உரியதாயிருந்த சொல் வாழ்வோர்மேல் திரும்பியதும், அதனுள் உறங்கிய சட்டப்பொருள் விழித்துக்கொண்டது.

அகராதிச் சான்று

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இப்பொருள்மாற்றம் நிறைவுற்ற நிலையில் பதிவாகியுள்ளது. அவர் இப்பெயர்ச்சொல்லுக்குக் கடிந்துரை, கடுங்கண்டனம், பழி என்பவற்றை முதலிலும், தண்டனையை அடுத்தும் தருகிறார். அய்லிஃபின் வேறுபாட்டையும் மேற்கோளாகக் காட்டுகிறார். வினைவடிவத்திற்கும் கண்டித்தல், தண்டித்தல் என்னும் இரு பொருள்களையே தந்து, இரண்டிலும் ‘அப்பான்’ என்னும் இடைச்சொல் வரும் என்கிறார். மூலப்பொருளான கவனித்தல் பின்தள்ளப்பட்டுவிட்டது. 1828இல் வெளிவந்த நோவா வெப்ஸ்டரின் அகராதியில் தண்டனைப் பொருளும் அருகிய வழக்காகச் சுட்டப்படுகிறது. எஞ்சியது கண்டனம் மட்டுமே.

பொருண்மையியலார் இழிபொருட்பேறு என்றும் சிறப்புப்பொருட்பேறு என்றும் கூறும் இருவகை மாற்றங்களும் இங்கே இணைந்துள்ளன. எதையும் கவனித்தலைக் குறித்த சொல் குறையை மட்டும் கவனித்தலைக் குறித்தது சிறப்புப்பொருட்பேறு. கவனித்தலே நீங்கிக் கடுமை மட்டும் நின்றது இழிபொருட்பேறு. ‘சென்ஷர்’ என்னும் சொல்லும் இவ்வகையதே. ஷேக்ஸ்பியர் காலத்தில் நல்லது தீயது என்னும் சார்பின்றிக் ‘கருத்து’, ‘மதிப்பீடு’ என்னும் பொருளில் வழங்கிய அது, இன்று கண்டனத்தை மட்டுமே குறிக்கிறது. மதிப்பிடுதலைக் குறிக்கும் சொற்கள் பழித்தலை நோக்கிச் சரிவது ஆங்கிலத்தில் பலமுறை நிகழ்ந்துள்ளது.

தமிழாக்கச் சிக்கல்

இவ்வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு நடைமுறைச் சிக்கலை முன்வைக்கிறது. ‘கண்டனம்’ என்பதை எல்லா இடத்திலும் ஆள இயலாது. மேலும், ‘கண்டனம்’ என்னும் சொல்லே எச்சரிக்கை வேண்டுவது. ‘கண்டு’ என்னும் வினையெச்சத்தின் ஒலி அதில் கேட்பதால் காணுதலோடு அதற்கு உறவிருப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அது உடைத்தல், துண்டித்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்றும் வந்தது. ‘அனிமட்வெர்ஷன்’ என்பதில் பகைமை இருப்பதாகத் தோன்றி இல்லாமற்போவதைப் போன்றே, ‘கண்டனம்’ என்பதில் காட்சி இருப்பதாகத் தோன்றி இல்லாமற்போகிறது. ஒன்று காண்பதில் தொடங்கி உடைப்பதில் முடிந்தது; மற்றொன்று உடைப்பதிலேயே தொடங்கியது. ஆகவே, பிற்கால ஆங்கில வழக்கிற்கு மட்டுமே ‘கண்டனம்’ நேர்நிகராகும்.

சூழலை ஒட்டி மூவகையாகப் பெயர்ப்பது தகும். திருச்சபை, உரோமச் சட்ட நூல்களில் ‘ஒறுத்தல்’ அல்லது ‘தண்டனை’ பொருந்தும். கசோபன், ஸ்கேலிஜர், தைன் ஆகியோரின் தலைப்புகளுக்கு ‘ஆய்வுக்குறிப்புகள்’ அல்லது ‘திருத்தக்குறிப்புகள்’ பொருந்தும். மில்டன், ஹாப்ஸ் போன்றோரின் விவாத நூல்களுக்கு ‘மறுப்புரை’ என்பது ‘கண்டனம்’ என்பதைவிட ஏற்றது. ஏனெனில், எதிரியின் கூற்றை எடுத்துவைத்து விடை தரும் அமைப்பையும் அது உணர்த்துகிறது. ஹூக்கின் நூலுக்கு இவ்விரண்டில் எதனைக் கொள்வது என்பதை, மொழிபெயர்ப்பாளர் அந்நூலை எவ்வாறு மதிப்பிடுகிறார் என்பதே தீர்மானிக்கும்.

நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதலும் ஒன்று. அங்கே குற்றம் நூலுக்கு உரியதாகக் கூறப்பட்டுள்ளதே அன்றி, நூலாசிரியர்க்கு உரியதாகக் கூறப்படவில்லை. ஆங்கிலச் சொல் தன் வரலாற்றில் காத்துக்கொள்ள இயலாமற்போன வேறுபாடு அதுவே. எனவே, ‘நூற்குற்றங் காட்டல்’ என்பதைத் தைன் முதலானோரின் பணிக்குரிய கலைச்சொல்லாகக் கொள்வது குறித்தும் அறிஞர்கள் எண்ணலாம்.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

‘அனிமட்வெர்ஷன்’ என்பதன் மூலப்பொருள் மனத்தை ஒன்றன்பால் திருப்புதலே; பகைமை அதன் பிறவிப்பொருள் அன்று. ஆளின்மேல் வழங்கியபோது உரோமச் சட்டத்திலும் திருச்சபைச் சட்டத்திலும் அது தண்டனையைக் குறித்தது. நூலின்மேல் வழங்கியபோது மறுமலர்ச்சிக் கால அறிஞரிடம் அது உரைக்குறிப்பைக் குறித்தது. இரு வழக்குகளும் ஒரே இலக்கண அமைப்பைக் கொண்டிருந்தமையால், வாழும் ஆசிரியரின் நூல் இலக்கானபோது ஒன்று மற்றொன்றாக மாறுவது எளிதாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் விவாத நூல்கள் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அகராதி அதனை உறுதிசெய்தது. ஆகவே, 1755க்கு முற்பட்ட நூல்களில் இச்சொல் வருமிடத்தில் பிற்காலப் பொருளை ஏற்றாமல், செயப்படுபொருள் எது, நூலின் அமைப்பு எத்தகையது என்பவற்றை நோக்கியே பொருள் கொள்ள வேண்டும்.

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல் அருகிவிட்டது. ஆயினும் அது விட்டுச்சென்ற வினா அருகவில்லை. திறனாய்வும் நூன்மதிப்புரையும் பாடத்திருத்தமும் செய்வோர் அனைவரும் ஒருவகையில் மனத்தைத் திருப்பும் தொழிலையே செய்கின்றனர். தைனின் திருத்தங்கள் கடுமை கலந்தவையாயினும் ஸ்பெக்டின் இரண்டாம் பதிப்புக்குள் இடம்பெற்று வாழ்ந்தன. நூலின்மேல் திரும்பிய மனம் நூலிலேயே நிலைகொண்டதன் பயன் அது.